நத்தார்ப் பலகாரமும் சீனி வருத்தமும்

கேள்வி: நான் திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். வயது 56. சீனி வருத்தத்துக்குக் குளுசை பாவிக்கிறேன். மார்கழி வந்தாலே பயமாக இருக்கிறது. ஒளிவிழா, கரோல், நத்தார், புதுவருடம் என்று எங்கே போனாலும் பலகாரத் தட்டு. வேண்டாம் என்றால், "ஆண்டவர் தந்ததைத் தள்ளுகிறாயா?" என்று மாமி கேட்பார். சாப்பிட்டாலோ, உடம்பைக் கெடுத்துப் பாவம் செய்துவிட்டேன் என்று இரவில் அழுகை வருகிறது. போன தை மாதம் கிளினிக்கில் சீனி கூடியிருக்கிறது என்று டொக்டரும் ஏசினார். நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த அழுகையைப் பற்றிப் பேசுவோம். நெகேமியா 8ஆம் அதிகாரத்தை ஒருக்கால் எடுத்து வாசியுங்கள். நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டதைக் கேட்டு சனங்கள் எல்லாரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "நீங்கள் போய்க் கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்." அழுதவர்களை விருந்துக்கு அனுப்பிய ஆண்டவர், ஒரு துண்டு கேக்குக்காக உங்களைக் குற்றவாளியாக நிறுத்துவாரா? நிச்சயமாக இல்லை. அந்தப் பாரத்தை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

அந்தப் பதிலின் அடுத்த பகுதியையும் பாருங்கள்: பங்குகளை அனுப்புங்கள். வந்த விருந்தெல்லாம் நம் வயிற்றுக்குள்தான் போகவேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. கொஞ்சம் சாப்பிட்டு மிச்சத்தைப் பகிர்ந்தாலும் அது நன்றியோடு ஏற்றுக்கொண்டதுதான். மாமியிடம் இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். "தேனைக் கண்டுபிடித்தாயானால் மட்டாய்ச் சாப்பிடு" என்கிறது நீதிமொழிகள் 25:16. தேனைத் தள்ளச் சொல்லவில்லை; மட்டு வைக்கச் சொல்கிறது. அந்த மட்டு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சரி, தட்டுக்கு வருவோம். நம் ஊர் ரிச் கேக்கை யோசித்துப் பாருங்கள். ரவை, பட்டர், முட்டை மஞ்சட்கரு, கஜு, முந்திரிகை வற்றல், பாகில் ஊறிய பூசணியும் இஞ்சியும். ஒரு சின்னத் துண்டுக்குள் இத்தனையும் இருக்கிறது. அதை எண்ணெய்த்தாளில் சுற்றி, மேலே நிறக் கடதாசி சுற்றித் தருகிறார்கள். கைநிறைய வைத்துத் தின்பதற்குச் செய்த பண்டம் இல்லை அது. நாட்கணக்காகக் கெடாமலும் இருக்கும். ஆகவே வாங்குங்கள், சந்தோஷமாக வாங்குங்கள். "இதை நாளைக்குத் தேத்தண்ணியோடு ஆறுதலாகச் சாப்பிடுகிறேன் அக்கா" என்று சொல்லிக் கைப்பைக்குள் வையுங்கள். யாருடைய மனமும் நோகாது. அடுத்த நாள் அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இஞ்சி நல்ல வாசமாக இருந்தது" என்று செய்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாலு துண்டை விழுங்கிவிட்டுப் பேசாமல் எழும்பி வருவதைவிட அது அவருக்கு எவ்வளவோ மகிழ்ச்சி தரும்.

முறுக்கும் கொக்கிஸும் அவ்வளவு இனிப்பில்லைத்தானே என்று அள்ளிவிடாதீர்கள். மாவும் இரத்தத்தில் சீனியை ஏற்றாமல் விடாது. பயற்றம் பணியாரமும் அப்படித்தான். பயறு நல்லது, ஆனால் கூடவே சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது. தட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து ஆற அமரச் சாப்பிடுங்கள்.

நாம் கவனிக்காமல் விடுவது குடிக்கிற சீனியைத்தான். சுகதேகியான ஒருவருக்கே ஒரு நாளில் சேர்க்கும் சீனி ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டக் கூடாது, அதில் பாதியோடு நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம் அளவில் வரும். கரோலுக்குப் போய் ஆறு வீட்டில் இரண்டு கரண்டி போட்ட தேத்தண்ணி குடித்தால் 48 கிராம்! பலகாரம், சோடா, வீட்டு வைன் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்குச் சீனி போடாத பிளேன்டீ." இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

நத்தார் மதியச் சாப்பாட்டில் பாதித் தட்டை மரக்கறிக்கு விடுங்கள். வல்லாரைச் சம்பலோ முருங்கையிலை வறையோ முதலில், பிறகு மீனோ இறைச்சியோ, புரியாணி கடைசியில். அந்த ஒழுங்கில் சாப்பிட்டால் சீனி சட்டென்று ஏறாது. சாப்பிட்ட பிறகு ஒரு கால் மணித்தியாலம் நடவுங்கள். மாரி மழையில் டச்பே கடற்கரைக்குப் போக முடியாவிட்டால் விறாந்தையிலேயே நடக்கலாம்.

பங்கு அனுப்புவதையும் இந்த முறை கொஞ்சம் வேறுவிதமாகச் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பலகாரம் போகட்டும், அது நம் ஊர் வழக்கம். ஆனால் மார்கழியில் கடல் குழம்பி, தொழிலுக்குப் போக முடியாத வீடுகள் நம் கரையில் நிறைய. அந்த வீடுகளுக்கு இனிப்பைவிட, நீங்கள் சமைத்த சோறும் கறியும் சூடாகப் போகட்டும். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட அந்த வேலை அவருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மதியம் விருந்து இருக்கிறதே என்று காலையில் பட்டினி கிடக்காதீர்கள். சில குளுசைகளைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கோயிலில் நெடுநேரம் இருந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கைகால் நடுங்கும், மயக்கமும் வரலாம். நீங்கள் பாவிப்பது எந்த வகை, நள்ளிரவு ஆராதனை நாளில் அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று நத்தாருக்கு முந்திய கிளினிக்கிலேயே டொக்டரிடம் கேட்டு, துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.