ஃபிட்னஸ் பேண்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 61. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மகன் வாங்கித் தந்த ஃபிட்னஸ் பேண்டைக் கட்டிக்கொண்டுதான் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். முன்பு பத்து நாள் நின்ற சார்ஜ் இப்போது மூன்றே நாளில் தீர்ந்துவிடுகிறது. அது காட்டும் அடிக்கணக்கும் சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. பத்தாயிரம் அடி எட்டாத நாளில் மனம் சங்கடப்படுகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இசிஜி, பிரஷர் எல்லாம் காட்டும் ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். மாற்றிவிடலாமா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பேட்டரியைப் பார்ப்போம். இத்தகைய பேண்டுகளில் இருக்கும் லித்தியம் பேட்டரி, பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகே தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை சார்ஜ் போட்டு வந்த உங்கள் பேண்ட் அந்த எண்ணிக்கையை இன்னும் எட்டியிருக்காது. வயதும் வெயிலும் பேட்டரியைத் தேய்க்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பத்து நாள் மூன்று நாளாகச் சுருங்கியதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், செயலியைத் திறந்து, நாள் முழுவதும் இதயத் துடிப்பை அளப்பது, தூக்கத்தில் இரத்த ஆக்சிஜனைப் பார்ப்பது, ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்திக்கும் கையில் அதிர்வது ஆகியவற்றில் எவையெல்லாம் இயங்குகின்றன என்று பாருங்கள். தேவையற்றதை நிறுத்திவிட்டு, முழுதாகச் சார்ஜ் போட்டு, எத்தனை நாள் வருகிறது என்று கவனியுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பேண்டின் அடிப்பக்கத்தில் சார்ஜருடன் பொருந்தும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருந்தால், அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து அங்கே பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு படிவை உண்டாக்கியிருக்கும். அதனால் சார்ஜ் அரைகுறையாக ஏற, நாம் பேட்டரியைக் குறை சொல்வோம். சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள்.

அடிக்கணக்கைச் சோதிக்கக் கடையோ மெக்கானிக்கோ தேவையில்லை. காந்தி சிலை அருகே நின்று பேண்ட் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணியபடி 500 அடி நடந்துவிட்டு மீண்டும் பாருங்கள். 475-க்கும் 525-க்கும் இடையில் இருந்தால் இந்த வேலைக்கு அது போதும். கையசைவை வைத்தே பேண்ட் அடிகளைக் கணிக்கிறது. ஆகவே குடையோ பையோ பிடித்த கையை அசைக்காமல் நடந்தால் குறைத்துக் காட்டும், மேடுபள்ளமான சாலையில் ஸ்கூட்டரில் போனால் நடக்காத அடிகளையும் சேர்த்துக்கொள்ளும். இவை பழுதல்ல, புது வாட்ச்சிலும் இருப்பவைதான். இதயத் துடிப்புக்கு, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணி ஒப்பிடுங்கள். பேண்டை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலை விட்டு நகராதபடி கட்டியிருக்க வேண்டும்.

பத்தாயிரம் அடி என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல; 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு கருவியோடு பரவிய எண் அது. 2022-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியான, 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை, 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளுக்குள்ளேயே ஆயுள் சார்ந்த பலன் பெரும்பாலும் கிடைத்துவிடுவதாகக் காட்டியது. கடற்கரைச் சாலையின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஒரு முறை போய் வந்தாலே ஏறத்தாழ 4,000 அடி ஆகிவிடும். மீதியை வீட்டு வேலையும் கடைத்தெருவும் பார்த்துக்கொள்ளும். ஆகவே சங்கடத்தை விடுங்கள்.

இனி மகன் சொல்லும் வாட்ச். அதில் வரும் இசிஜி, ஒரே ஒரு கோணத்திலிருந்து எடுக்கப்படுவது. துடிப்பு தாறுமாறாக இருப்பதை அது சுட்டிக்காட்டலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மணிக்கட்டில் காட்டும் பிரஷர் அளவை நம்பி மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடவே கூடாது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கப்படும் வாட்ச்சுகளை வாங்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2024-இல் எச்சரித்தது. மகன் செலவழிக்கத் தயார் என்றால், மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் நல்ல பிரஷர் கருவி ஒன்றைக் கேளுங்கள். வாட்ச்சைவிட அதுதான் உங்களுக்குப் பயன்படும். உங்கள் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை என்றால், நடக்கும்போது துடிப்பு அதிகம் ஏறாது. செயலி 'இன்னும் வேகமாக' என்று சொல்வதைக் கேட்காதீர்கள், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்? திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றே கழற்றிவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். நிறுவனம் செயலியை நிறுத்திவிட்டாலோ, புதுப் போனோடு இணைய மறுத்தாலோ, மேலே சொன்ன சோதனைகளில் தவறினாலோ மாற்றலாம். அப்படி மாற்றினால் ஒரு வாரம் பழையதையும் புதியதையும் சேர்த்தே கட்டி நடந்து பாருங்கள். இரண்டும் வெவ்வேறாக எண்ணும் என்பதால், இல்லாவிட்டால் திடீரென்று நடை குறைந்துவிட்டதோ கூடிவிட்டதோ என்று குழம்புவீர்கள்.

கேள்வி: 50 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இடுப்பளவு நீரில் குளித்ததற்கே என் மூன்று வருடப் பேண்டின் திரைக்குள் நீராவி படிந்துவிட்டது. பழுது பார்க்கலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். 50 மீட்டர் என்பது அசையாத நீரின் அழுத்தத்தில், புதிய பேண்டை வைத்துச் செய்யும் சோதனையின் கணக்கு. அலை அடிக்கும் வேகமும், உப்பும், மூன்று வருடத்தில் தளர்ந்த ரப்பர் வளையமும் அதில் சேராது. பசை போட்டு மூடிய கருவியைப் பிரித்தால் பழையபடி நீர் புகாமல் மூடுவது கடினம். கூலியும் புதுப் பேண்டின் விலையை நெருங்கிவிடும். சார்ஜ் போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி இவற்றை முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்பதால், எங்கே ஒப்படைப்பது என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். அடுத்ததை வாங்கினால், கடலில் குளித்த அன்றே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள்.