எக்ஸ்டர்னல் டிஸ்கின் கேபிள் கழன்றபின் ஃபைல்கள் 0 பைட்டாக இருக்கின்றன. ஈஎக்ஸ்டி4-இல் ஜர்னலிங் இருந்தும் டேட்டா போகுமா?

போகும். நீங்கள் சொல்கிறபடி, போட்டோக்கள் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றது; திரும்பச் செருகியதும் டிஸ்க் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மவுண்ட் ஆனது, அதாவது கம்ப்யூட்டரோடு இணைந்தது; டிஸ்கில் பிழை தேடும் எஃப்எஸ்செக் "கிளீன்" என்றது; ஆனால் கடைசியில் போன ஃபைல்களுக்குப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை. டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் லினக்ஸ் அமைப்பான ஈஎக்ஸ்டி4 தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வேறு பிரதி இல்லாத படங்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு பதறியிருக்க மாட்டீர்கள்.

ஜர்னல் என்பது குடோன் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி. எந்த மூட்டை எந்த வரிசையில் என்பதைப் பிழையில்லாமல் வைத்திருக்கும். மூட்டைக்குள் நெல் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காது. ஈஎக்ஸ்டி4 வழக்கமாக ஓடும் ஆர்டர்டு முறையில் ஜர்னலுக்குள் போவது மெட்டாடேட்டா, அதாவது ஃபைலின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விவரங்கள் மட்டும்தான். அது 5 விநாடிக்கு ஒருமுறை டிஸ்கில் பதிவாகும். ஃபைலின் உள்ளடக்கமோ மெமரியிலேயே கிடந்து, ஏறக்குறைய 30 விநாடி ஆனபிறகுதான் தானாக எழுதப்படும். அதுவரை அதற்கு டிஸ்கில் இடம்கூட ஒதுக்கியிருக்காது. இந்த இடைவெளியில் கேபிள் போனால் பெயர் மிஞ்சும், உள்ளடக்கம் மிஞ்சாது. உங்கள் 0 பைட் இதுதான்.

2009-இலேயே இதைப் பற்றிப் பெரிய கூச்சல் எழுந்தது. ஈஎக்ஸ்டி4-ஐ அப்போதுதான் பலர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் செட்டிங் ஃபைல்கள் காலியாகிவிடுகின்றன என்று புகார் வந்தது. மெமரியில் இருப்பதை உடனே டிஸ்கில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் கட்டளையைக் கூப்பிடாத நிரல்கள்மீதுதான் தவறு என்றார் அதைப் பராமரித்த தியடோர் சோ. சொல்லிவிட்டு, பழைய ஃபைலை மாற்றி எழுதும் நிரல்களுக்காக லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.30 பதிப்பில், உள்ளடக்கத்தைக் காத்திருக்காமல் எழுதிவிடும் ஒரு சலுகையும் கொடுத்தார். புதிதாக உருவாகும் ஃபைலுக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் போட்டோக்கள் புதிய ஃபைல்கள்.

இனி நான் ஏன் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன். நாமக்கல் பக்கம் ஒரு கல்குவாரியில், இதே 0 பைட் ஃபைலால் ஒரு மனிதருடைய வேலை போக இருந்தது.

குவாரி வாசலில் லாரி எடைமேடை. கேபினுக்குள் ஒரு லினக்ஸ் பெட்டி, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டேட்டாவுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க். மூன்றும் ஒரே தகர மேஜையில். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு ஃபைல். வண்டி எண், காலி எடை, லோடு எடை, நிகர எடை. ஒருநாள் காலை கணக்குப் பார்த்தபோது நள்ளிரவு தாண்டி ஒரு கட்டத்துக்குப் பிந்தைய லோடுகள் எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. ஆனால் டிரைவர்கள் கையில் சீட்டு இருக்கிறது. அதைவிட மோசம், காலையில் போன லாரிகளுக்கும் இரவு சீட்டுகளின் அதே நம்பர்கள் மறுபடி விழுந்திருக்கின்றன. ஒரே நம்பரில் இரண்டு வண்டி என்றால் குவாரியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நைட் ஷிப்ட் ஆபரேட்டர் லோடை விற்றுவிட்டு என்ட்ரியை அழித்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். மென்பொருள் கொடுத்தவர்களும் "எங்க சாஃப்ட்வேர் அப்படியெல்லாம் விடாது, ஆள் கை வெச்சிருக்கார்" என்று போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

"சத்தியமா நான் எதையும் அழிக்கலைங்க சார். ஒவ்வொரு லோடுக்கும் சேவ் ஆச்சுன்னுதான் காட்டுச்சு" என்றார் ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது நம்பர் அடிப்பதும் என்டர் தட்டுவதும்தான்.

நல்லவேளையாக சிஸ்டம் இருந்தது உள் எஸ்எஸ்டியில். அதனால் முந்தைய பூட்டின் கர்னல் லாக் அப்படியே கிடைத்தது. இரவு 1.42.08-க்கு யுஎஸ்பி டிஸ்கனெக்ட். ஓரிரு விநாடியில் அதே டிஸ்க் மறுபடி தலைகாட்டுகிறது, ஆனால் அதற்கு லினக்ஸ் முதலில் கொடுத்த எஸ்டிபி என்ற பழைய பெயர் இன்னும் மவுண்ட்டில் மாட்டிக்கொண்டிருப்பதால் எஸ்டிசி என்று. அதன்பின் "லாஸ்ட் அசிங்க் பேஜ் ரைட்" (எழுத வேண்டியது தொலைந்தது) என்று வரிசையாக வரிகள், கடைசியில் "எஸ்டிபி1-8 ஜர்னல் கைவிடப்படுகிறது" என்ற செய்தி. (அந்த 8 என்பது ஜர்னலின் ஐநோடு எண். ஐநோடு என்பது ஒரு ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு. பலர் அதை எட்டாவது பார்ட்டிஷன் என்று நினைத்துத் தேடுகிறார்கள்.) ஜர்னல் கைவிடப்பட்டால் அந்த மவுண்ட்டில் அதற்குமேல் எதையும் எழுத முடியாது. அப்புறம் விடியும்வரை எடைபோட்ட லாரிகளின் கணக்கு எங்கும் போகவில்லை. காலையில் யாரோ பெட்டியை ரீஸ்டார்ட் செய்ய, ஜர்னல் ரீப்ளே ஆகி, அதாவது அதில் பதிந்திருந்தவை டிஸ்கில் மறுபடி எழுதப்பட்டு, எல்லாம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம். சீட்டு நம்பரை இரவெல்லாம் நிரல் மெமரியில் வைத்து ஏற்றிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு டிஸ்கில் இருந்த கடைசி நம்பரிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டது. இரட்டை நம்பரின் கதை இவ்வளவுதான்.

லாக்கை மட்டும் காட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அசல் சாட்சி ஒரு 0 பைட் ஃபைல். டிஸ்கின் உள்ளமைப்பைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் அதன் ஐநோடைப் பார்த்தால் உருவான நேரம் 1.41.50. கேபிள் போனது 18 விநாடி கழித்து. 5-ஐத் தாண்டிவிட்டது, 30-ஐத் தொடவில்லை. பெயர் பதிவாகி, உள்ளடக்கம் பதிவாகாத ஃபைல். திருட்டுத்தனமாக அழிக்கிறவர் பெயரை விட்டுவிட்டு எடையை மட்டும் அழிப்பாரா?

அதுவும் போதாது என்று முதலாளி கண்முன்னே செய்து காட்டினேன். மேடைமேல் ஒரு டிராக்டரை நிறுத்தி, ஒரு சீட்டு அடித்து, டிஸ்கின் கேபிளை உருவினேன். அடுத்த சீட்டும் அழகாக அடித்து வந்தது. திரையில் பச்சை எழுத்தில் "சேவ்டு". பக்கத்தில், நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது; ஃபைலைத் திறக்கும்போதே கர்னல் "ரீட்-ஒன்லி" என்று பிழை திருப்புகிறது, நிரல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிரிண்டருக்குப் போகிறது. கேபிள் ஏன் கழன்றது என்பதும் அன்றே தெரிந்தது. பிரிண்டர் ஓடும்போதெல்லாம் மேஜை அதிர்கிறது; அந்த அகலமான மைக்ரோ-பி பிளக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்கிறது.

அந்த கேபினில் ஆபரேட்டரைப் பார்த்தபடி இரண்டு கேமரா இருந்தது, டிஸ்கைக் கட்டிவைக்க ஒரு கேபிள் டை இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். "கம்ப்யூட்டர்காரர்" வந்துவிட்டால் முதலாளி வீட்டு வைஃபை, பையனின் லேப்டாப், இன்வெர்ட்டர் பீப் சத்தம் எல்லாவற்றையும் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நம்மூரில் யார் எழுதிவைத்தார்கள்? அதற்கெல்லாம் டீதான் கூலி. பில்லுக்கு "அடுத்த வாரம் பாத்துக்கலாம்".

சரி, உங்கள் டிஸ்குக்கு வருவோம். இனி அதில் ஒரு பைட்கூட எழுதாதீர்கள், எஃப்எஸ்செக்கையும் மறுபடி ஓட்டாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் டிஸ்கின் முழு நகலை (இமேஜ்) எடுங்கள். இமேஜை மவுண்ட் செய்யும்போது "ஆர்ஓ" (ரீட்-ஒன்லி) மட்டும் போதாது, ஜர்னலைத் தொடாதே என்று சொல்லும் "நோலோட்" சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரீட்-ஒன்லி மவுண்ட்டிலும் ஜர்னல் ரீப்ளே ஆகும். உங்களுக்கு ஒருமுறை ஆகிவிட்டது, ஆனாலும் இந்தப் பழக்கம் நல்லது. கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிட்டீர்களா? செய்திருந்தாலும் புதுப் படம் எடுக்காமல், அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் நிரலை ஓட்டிப் பாருங்கள். உண்மையில் உங்கள் நம்பிக்கை டிஸ்கில் இல்லை, அந்தக் கார்டில்தான் இருக்கிறது. 0 பைட் ஃபைல்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் டிஸ்குக்கு வரவே இல்லை, வராததை எந்த ரெகவரி கடையாலும் எடுத்துத் தர முடியாது. முடியும் என்று சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"எக்ஸ்எஃப்எஸ் போட்டிருந்தால் ஆகியிருக்காது", "டேட்டா=ஜர்னல் போட வேண்டியதுதானே" என்று கீழே சிலர் வருவார்கள். வரட்டும். ஈஎக்ஸ்டி4 போன்ற இன்னொரு அமைப்பான எக்ஸ்எஃப்எஸ்ஸும் இடம் ஒதுக்குவதைத் தள்ளித்தான் போடுகிறது. உள்ளடக்கத்தையும் ஜர்னலில் எழுதும் டேட்டா=ஜர்னல் முறை அந்த 30 விநாடி ஜன்னலைச் சுருக்கும், மூடாது; டிஸ்கே இல்லாதபோது ஜர்னல் எங்கே எழுதும்? எஃப்சிங்க்கை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-இல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்குகிறவர்கள் கண்டது, லினக்ஸில் ஒருமுறை தோற்ற எஃப்சிங்க் அடுத்த முறை வெற்றி என்று சொல்லக்கூடும், போன பக்கம் போனதுதான் என்பது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி செய்யாமல் சர்வரையே நிறுத்திவிடுகிறார்கள். எடைமேடை நிரலிலும் இப்போது அப்படித்தான்: பிழை வந்தால் சீட்டு அடிக்காது, மணி அடிக்கும். ஆபரேட்டர் அதே ஷிப்டில்தான் இருக்கிறார்.

கேபிள் கழன்ற நேரத்துக் கர்னல் லாக் இருந்தால் கமெண்டில் போடுங்கள், டிஸ்கின் சீரியல் நம்பரை மறைத்துவிட்டு. காப்பி செய்தது விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்தா, லினக்ஸிலிருந்தா என்பதையும் சொல்லுங்கள்.