டிரெய்லர் இழுக்கும் கனரக பிக்கப்புக்குப் பாதுகாப்பான டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கனரக பிக்கப்பில் அடிக்கடி டிரெய்லர் இழுக்கிறேன், டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது, எந்த நிறுவனத்தின் டயரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டயர் கடைக்குப் போவதற்கு முன்னால் எடை மேடைக்குப் போய் வாருங்கள் என்பதுதான் என் பதில். நிறுவனத்தின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் பிக்கப்பைப் பழையதாக வாங்கினேன். முந்தைய உரிமையாளர் பெரிய அலாய் வீலும், பார்க்க முரட்டுத்தனமான டயர்களும் போட்டிருந்தார். எனக்கும் அந்தத் தோற்றம் பிடித்துத்தான் இருந்தது. ஒரு நாள் டிரெய்லரில் சிறிய டிராக்டரை ஏற்றிக்கொண்டு 90 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் வரும்போது, பக்கத்தில் ஒரு லாரி முந்திச் சென்றது. அந்தக் காற்றடிப்பில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை ஆட்டாமல் பிடித்து, எப்படியோ ஓரம் கட்டினேன். இறங்கிப் பின்சக்கரத்தைத் தொட்டவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். டயரின் பக்கவாட்டு, கர்ப்பிணியின் வயிறு போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

மறுநாள் எடை மேடை. டிரெய்லர் இல்லாமல், சாமான்களோடு பின் அச்சின் எடை 1,860 கிலோ. டிரெய்லரை மாட்டியதும் 2,460. கூடியது 600 கிலோ. ஆனால் டிரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் அழுத்தும் எடை வெறும் 450 கிலோதான். டிரெய்லரின் மொத்த எடை 3,500 கிலோ, அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பார்கள், அந்தக் கணக்கில் அது சரியாகத்தான் இருந்தது. மீதி 150 எங்கிருந்து வந்தது? கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அழுத்தினால் சீசா பலகையில் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புவது போல வண்டியின் முன்பக்கம் எழும்புகிறது. முன்னால் குறைந்த எடையும் பின்சக்கரங்களின் தலையில்தான் வந்து விழுகிறது. என்னைக் கேட்டால், பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

டயரில் எழுதியிருந்த சுமை எண் 116. அந்த எண்ணுக்கு ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும், இரண்டுக்கும் சேர்த்து 2,500. அப்பாடா, 40 கிலோ மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் அவை பயணிகள் கார் ரக டயர்கள். அந்த ரகத்தை பிக்கப்பில் போட்டால் தாங்கும் எடையை 1.1-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். வகுத்தால் ஒன்றுக்கு 1,136, இரண்டுக்கும் 2,272. ஏறத்தாழ 190 கிலோ அதிகம் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஆகவே எல்டி என்று தொடங்கும் அளவுள்ள, இலகு ரக லாரிகளுக்கான டயரைத்தான் வாங்க வேண்டும். நான் பிறகு போட்டதில் 121/118 என்று இருக்கிறது. அச்சின் ஒவ்வொரு பக்கமும் ஒரு சக்கரம் இருந்தால் முதல் எண், அதாவது 1,450 கிலோ. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு இரண்டாவது எண், ஒவ்வொன்றும் 1,320 கிலோ. கூடவே 'லோடு ரேஞ்ச் இ' என்றும் இருக்கும். கடையில் '10 பிளை' என்பார்கள். உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, அது பழைய காலத்து வலிமைக் கணக்கு. 80 பிஎஸ்ஐ வரை காற்று பிடித்து முழுச் சுமையை ஏற்றலாம் என்பதே இன்று அதன் பொருள். வலுவான டயர் போட்டதால் வண்டியின் சுமை வரம்பு கூடிவிடாது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அச்சு வரம்பு அப்படியேதான் இருக்கும். ரிம்முக்கும் தனியாக ஒரு சுமை வரம்பு உண்டு, அதையும் பாருங்கள்.

சேற்றுக்கான ஆழமான பட்டன் டயர் வேண்டாம் என்பேன். தார்ச் சாலையில் அந்த உயரமான ரப்பர் கட்டிகள் நெளிந்துகொண்டே இருக்கும். நெளிவு சூட்டைக் கூட்டும், பின்பக்கமும் நிலைகொள்ளாது. நெடுஞ்சாலை ரகமோ மிதமான பட்டனோ போதும். இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடுங்கள்.

காற்று விஷயத்தில் சோம்பல் கூடாது. குறைந்த காற்றில் பாரம் ஏறினால் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய பிறகு அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு யாரும் காற்றைத் திறந்துவிடாதீர்கள். பாரத்தோடு போகும்போது கதவுத் தாளில் உள்ள அழுத்தத்தை வையுங்கள். பின்சக்கரத்துக்கு அது முன்சக்கரத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

ஒரு சின்னப் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், வால்வு. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். 80 பிடிக்கும் டயருக்கு உலோக வால்வோ உயர் அழுத்த வால்வோ கேட்டு வாங்குங்கள். என் பழைய வால்வைக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தேன், அடியில் வட்டமாக ஒரு வெடிப்பு.

டிரெய்லருக்கு, அதற்கென்றே செய்யப்படும் எஸ்டி ரக டயர். பக்கவாட்டில் வேறு வேகம் குறிப்பிடப்படாவிட்டால் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதைக் கழற்றி பிக்கப்பில் மாட்டவும் கூடாது.

டயரின் வயதைப் பார்க்க, அதன் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பல வாகன நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன, டயர் நிறுவனங்கள் சிலவற்றின் உச்ச வரம்பு பத்து ஆண்டுகள். வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த நான்கு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

நான்கு டயரையும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்த எனக்கு, ஸ்டெப்னியின் நினைவு வர இரண்டு மாதம் ஆனது. வண்டிக்கு அடியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். ஒரு நாளும் தரையைத் தொடாத டயர். புது டயரில் முடி போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள்கூட உதிரவில்லை. துடைத்துப் படித்தால் 3010. பக்கவாட்டை விரலால் அழுத்தினேன், மெல்லிய விரிசல்கள் வரிசையாக வாய் திறந்தன.