‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள்

கேள்வி: வீடியோ கேமும் 3டி காட்சிகளும் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5இல் எட்டு மாதமாக ஒரு செட்டிநாட்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். தூண், முற்றம், ஆத்தங்குடித் தரை எல்லாம் நானே செய்தது. யாரிடம் காட்டினாலும் ‘சூப்பர்’, ‘வேற லெவல்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஏதோ உதைக்கிறது, என்னவென்று தெரியவில்லை. உருப்படியான கருத்து எப்படி வாங்குவது? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘சூப்பர்’தான் வரும், கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்கிற மாதிரிதான் அது. ‘இந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் கால் தரையில் படுமா?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

உங்கள் திண்ணையில் படாது. முதல் படத்தில் எஞ்சினோடு வருகிற அந்த மனித பொம்மையை, கிட்டத்தட்ட 6 அடி உயரம், திண்ணைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். திண்ணை அதன் நெஞ்சு வரை வருகிறது. அன்ரியலில் ஒரு யூனிட் ஒரு சென்டிமீட்டர், உட்காரும் உயரத்துக்கு 45, 50 போதும். உங்களை உதைத்தது பெரும்பாலும் இதுதான். அளவு தப்பினால் எத்தனை நுணுக்கமாகச் செதுக்கினாலும் பொம்மை வீடு மாதிரிதான் தெரியும்.

இரண்டாவது படத்தில் தரை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்வது, ஒன்று போல இன்னொன்று இருக்காது. நீங்கள் ஒரே கல்லை நானூறு தடவை ஒட்டியிருக்கிறீர்கள், அதுவும் ஒவ்வொன்றும் 2 அடி அகலத்தில்! 8 அல்லது 10 அங்குலத்துக்குக் குறையுங்கள், நாலைந்து வகை செய்து கலந்து போடுங்கள். அப்புறம் பளபளப்பு. அந்தத் தரை கால் பட்டுப் பட்டுத்தான் மெருகேறும், அதனால் நடக்கிற வழியில் ரஃப்னஸை, அதாவது சொரசொரப்பு அளவை, குறைத்து மூலையில் கூட்டினால் யாரோ குடியிருந்த வீடு என்று தெரியும். இப்போது கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது படத்தைப் பார்த்து என் அம்மா கேட்டது: “மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?” நாலு பக்கக் கூரையும் முற்றத்துக்குள் சரிகிறது, முற்றத்தில் தண்ணீர் வெளியேற ஒரு துவாரம் கூட இல்லை. இதை எந்த 3டி ஆர்ட்டிஸ்டும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் இருப்பதே காரைக்குடியில், அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒரு ஆச்சியிடம் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டு விழும், எழுதிக்கொள்ளுங்கள்.

தொழில் தெரிந்தவர்களுக்கு அனுப்பும்போது, மாலை வெயிலும் தூசியும் போட்ட அழகான படத்தோடு வண்ணத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் காட்டும் ‘லைட்டிங் ஒன்லி’ பார்வையில் ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள். வண்ணம் போய்விட்டால் வடிவத்தின் குறை மறைய இடமில்லை. உங்கள் படிகளின் விளிம்பு கத்தி மாதிரி இருப்பது அதில் யாருக்கும் உடனே தெரிந்திருக்கும், கொஞ்சம் மழுக்கினால்தான் அங்கே வெளிச்சம் பிடிக்கும். கேமராவின் பார்வை அகலமும் 90 டிகிரியிலேயே இருக்கிறது போல, முற்றம் கிரிக்கெட் மைதானமாகத் தெரிகிறது. குறைத்து, ஒரு நிஜ வீட்டின் போட்டோவை அதே கோணத்தில் பக்கத்தில் வையுங்கள், பாதிக் குறை உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் எல்லாமே நிஜத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டுமா? நான் தூண்களைக் கொஞ்சம் உயர்த்தியது வேண்டுமென்றேதான்.
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். 2014இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ என்ற வீடியோ கேம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கிறது, ஆனால் அதிலுள்ள பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் மேல் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஊசிக் கோபுரம் நிற்கிறது. அது இல்லாவிட்டால் பலருக்கு நோத்ர தாம் மாதிரியே தோன்றியிருக்காது. உங்கள் தூணும் அப்படி இருக்கட்டும், ஆனால் அனுப்பும்போதே ‘இது தெரிந்து செய்தது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைப் பற்றியே பேசிவிட்டுப் போவார்கள், திண்ணையை யாரும் பார்க்க மாட்டார்கள்.