முதுமையில் தைமஸ் சுரப்பி மறைந்துவிடுமா?

மறையாது. பருவ வயதில் 30–40 கிராம் வரை வளரும் இந்தச் சுரப்பியில், டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) முதிரும் திசு படிப்படியாகச் சுருங்க, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் 70 வயதில் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மார்பெலும்புக்குப் பின்னால், இதய உறையின் மேல் மஞ்சள் கொழுப்பாகத்தான் தெரியும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் திசுத் தீவுகளும், தைமஸுக்கே உரிய வட்டமான செல் திரள்களான ஹாசல் துகள்களும் இன்னும் இருக்கும்.

ஆளுக்கு ஆள் அமைப்பு மாறும். இரு மடல்களும் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. மேல்முனை கழுத்து வரை நீளலாம். தலை, இடது கை ரத்தத்தை இதயம் நோக்கிக் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக்குழாயான இடது பிராக்கியோசெபாலிக் சிரை பொதுவாகச் சுரப்பிக்குப் பின்னால் ஓடும், சிலருக்கு முன்னால். அறுவையில் இதைக் கவனிக்காவிட்டால் பெரும் ரத்தப்போக்கு ஏற்படும்.

முதியவரின் சிடி ஸ்கேனில் வெளியே புடைத்த திண்மையான கட்டி தெரிந்தால், வயதின் மாற்றம் என்று விட்டுவிடக் கூடாது. தைமோமா (தைமஸில் உருவாகும் கட்டி) இல்லை என்று உறுதிசெய்தே ஆகவேண்டும்.