புதிய ஜெர்பிலைப் பழையதோடு எப்படிச் சேர்ப்பது?

ஜெர்பில் எலி போன்ற சிறு செல்லப்பிராணி. ஜோடி இறந்துபோன ஒரு வயது ஆண் ஜெர்பிலுக்குத் துணையாக இன்னொன்றை வாங்கி, நேராக ஒரே தொட்டியில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஜெர்பில்கள் மணத்தை வைத்தே தன் கூட்டத்தை அடையாளம் காணும்; மணம் மாறிய அந்நியனைக் கடித்துக் கொன்றேவிடும்.

ஹார்ட்வேர் கடையில் அரை அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள கம்பி வலை வாங்கி, தொட்டியைக் குறுக்கே இரண்டாகப் பிரியுங்கள். அடியிலும் ஓரத்திலும் இடுக்கு விடாதீர்கள், தோண்டி நுழைந்துவிடும். வலையை இரட்டையாகப் போட்டால் மூக்கும் விரலும் கடிபடாது. தினம் மூன்று நான்கு முறை இரண்டையும் பக்கம் மாற்றுங்கள். படுக்கையை மட்டும் மாற்றாதீர்கள், எதிராளியின் கூட்டிலேயே தூங்கட்டும். குறைந்தது ஒரு வாரம். வளர்ந்த இரண்டு பெண் ஜெர்பில்கள் என்றால் இன்னும் இழுக்கும்.

வலையோரம் ஒட்டிப் படுத்துத் தூங்கினால் நல்ல அறிகுறி. பிறகு விடுமுறை நாள் காலையில், கனமான கையுறையோடு வலையை எடுங்கள். இடம் சின்னதாகவே இருக்கட்டும். வீடு, சக்கரம் எதுவும் வேண்டாம். துரத்தல், மேலே ஏறுதல், கீச்சிடுதல் சகஜம். முடியைச் சிலிர்த்துப் பக்கவாட்டில் நெருங்கினால் உடனே வலையைப் போடுங்கள். பந்தாக உருண்டு சண்டை போட்டால் வெறுங்கையை நீட்டாதீர்கள், குப்பை முறத்தால் பிரியுங்கள்.

கோலாலம்பூர் போன்ற ஊரின் ஈரக்காற்றில் முடி பிசுபிசுக்கும். அது சண்டைக் காயமல்ல. காயத்தை வால் தொடங்கும் இடத்தில் தேடுங்கள்.

கடைக்காரர் வெனிலா எசென்ஸ் தடவச் சொன்னால் கேட்காதீர்கள்: மணம் போனதும் சண்டை திரும்பும்.