மூன்றாவது தெரபிஸ்ட்டைத் தேடும் முன்

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கார் விபத்தில் என் தம்பி என் கண் முன்னாலேயே இறந்துபோனான். வண்டியில் நானும் இருந்தேன். இன்றும் பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. காரின் முன் சீட்டில் உட்கார முடியவில்லை. முதலில் பார்த்த தெரபிஸ்ட், போன அன்றே விபத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் பல நாள் தூக்கமே இல்லை, மறுபடி போகவும் இல்லை. அடுத்தவர் அன்பானவர். ஆனால் மாதக்கணக்கில் வேலை, குடும்பம் என்றே பேச்சு போனது. நானாக விபத்தைப் பற்றி எடுத்தால், "அதையே நினைக்காதீர்கள், இனி ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்பார். என்னிடம்தான் ஏதோ கோளாறா? இன்னொருவரிடம் போகவே பயமாக இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: உங்களிடம் கோளாறு இல்லை, சகோதரி. முதலாமவர் உங்களைத் தயார்படுத்தாமல் நினைவைத் திறந்துவிட்டார். இரண்டாமவர் அதைத் திறக்கவே விடவில்லை. ட்ராமா, அதாவது மனதை உலுக்கிய அதிர்ச்சிக்கான சிகிச்சைக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நினைவை நெருங்கத்தான் வேண்டும். ஆனால் எப்போது, எவ்வளவு என்பதில் உங்கள் சம்மதம் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிரான்ஸின் உளவியலாளர் பியர் ஜானே இதைப் படிப்படியாகச் செய்தார்: முதலில் மனதை நிலைப்படுத்துவது, பிறகு நினைவைக் கையாள்வது, அப்புறம் வாழ்க்கைக்குத் திரும்புவது. உங்களுடையது போல ஒரே சம்பவமாக இருந்தால் முதல் படி சில அமர்வுகளில் முடிந்துவிடலாம். சிறு வயதில் வருடக்கணக்காக அடிபட்டவர்களுக்கு அது நீளும்.

இதற்கென்றே உருவான சிகிச்சைகள் உண்டு. உளவியலாளர் எட்னா ஃபோவாவின் முறையில், தவிர்த்துவந்த நினைவையும் இடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவீர்கள். பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். இன்னோர் உளவியலாளர் பட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய முறை ஏறக்குறைய 12 அமர்வு. "நான் மெதுவாகப் போகச் சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பானே" என்பது போல மனதில் இறுகிப்போன எண்ணங்களை எடுத்து விசாரிப்பது அதன் வேலை. ஈ.எம்.டி.ஆர். என்பது 1987இல் ஃபிரான்சின் ஷபிரோ தொடங்கியது. நினைவை மனதில் வைத்துக்கொண்டே, பக்கவாட்டில் நகரும் விரலைக் கண்ணால் தொடர்வீர்கள். கண் அசைவு எப்படி உதவுகிறது என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது, ஆனால் சிகிச்சைக்குப் பலன் உண்டு. ட்ராமாவை மையமாக வைத்த சி.பி.டி.யோடு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) சேர்த்து இதையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் சந்திப்பிலோ, அதற்கு முன் போனிலோ நான்கைந்து கேள்விகளைக் கேளுங்கள். ட்ராமாவுக்கு எந்த முறையில் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள்? விபத்தில் நெருங்கியவரை இழந்தவர்களுக்குச் சிகிச்சை தந்திருக்கிறீர்களா? எப்படி ஆரம்பிப்பீர்கள்? முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு, "நடுநடுவே ஒரு கேள்வித்தாள் தருவேன்" என்று பதில் வந்தால் நல்லது. பி.சி.எல்.-5 என்ற 20 கேள்விப் பட்டியலைப் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "பேசிக்கொண்டிருக்கும்போது என்னால் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" நல்ல தெரபிஸ்ட்டிடம் இதற்குத் திட்டவட்டமான பதில் இருக்கும். எந்த சைகை காட்டினால் நிறுத்துவோம், காலைத் தரையில் ஊன்றி அறையைச் சுற்றிப் பார்த்து எப்படி நிகழ்காலத்துக்கு வருவோம், அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் விபத்தைப் பற்றி ஏன் பேச மாட்டோம், வீட்டுக்குப் போனபின் இரவில் பதறினால் என்ன செய்யலாம் என்றெல்லாம் விளக்குவார். "அதெல்லாம் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் சொன்னால், நான் அடுத்தவரைத் தேடச் சொல்வேன். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் கட்டாயம் போக வேண்டாம். நாளைக்கு அவரிடம்தான் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரே அமர்வில் குணம் என்று வாக்குக் கொடுப்பவர், உங்களுக்கு நினைவில்லாத ஏதோ கொடுமை சிறு வயதில் நடந்திருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்பவர், வேறு நோயாளிகளின் கதையை உங்களிடம் சொல்பவர், இவர்களை விட்டு விலகிவிடுங்கள்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. விபத்தின் அதிர்ச்சி வேறு, தம்பியை இழந்த துக்கம் வேறு. பிரேக் சத்தத்துக்கு நடுங்குவது குறைந்த பிறகும் அவன் இல்லாத வெறுமை மிச்சம் இருக்கும். இரண்டையும் கவனிப்பீர்களா என்று தெரபிஸ்ட்டிடம் நேராகவே கேளுங்கள்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்தபின் மூன்று நான்கு அமர்வுகள் பாருங்கள். நினைவைத் தொட்டுப் பேசிய பிறகு ஓரிரு நாள் மனம் கனத்திருப்பது இயல்பு. போன தடவை எப்படி இருந்தது, வேகத்தைக் குறைக்கலாமா என்று அவர் கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள். வாரத்துக்கு வாரம் நிலைமை மோசமாகியும் அவர் கேட்கவே இல்லையென்றால், அங்கே தொடர வேண்டியதில்லை. புதியவரிடம் முதல் நாளே இங்கே எழுதியதைச் சொல்லுங்கள்: ஒருவர் அவசரப்பட்டார், ஒருவர் தொடவே இல்லை என்று. விபத்தின் விவரம் அன்றைக்கு வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்குக் கொடூரமான தாக்குதலுக்குப் பிறகு பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) என்கிறார்கள். மனநல மருத்துவரிடம் போவதா, உளவியலாளரிடமா?
– ஒரு மனைவி

பதில்: பேச்சு சிகிச்சைதான் முதல் தேர்வு, அதை ட்ராமா பயிற்சி உள்ள உளவியலாளர் தரலாம். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் குலைந்திருந்தால் மனநல மருத்துவரையும் சேர்த்துப் பாருங்கள். செர்ட்ரலின், பராக்ஸிட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. பதற்றத்தைக் குறைக்கத் தரும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை, பழக்கமும் ஆகிவிடும். ஏற்கெனவே சாப்பிட்டுவந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொல்படி குறையுங்கள். உயிரை விடுவதைப் பற்றி அவர் பேசினால், முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள்.

கேள்வி: வீட்டை விட்டு வெளியே போகவே பயம். வீடியோ காலில் ட்ராமா சிகிச்சை எடுக்கலாமா?
– இளைஞர் ஒருவர்

பதில்: எடுக்கலாம் தம்பி. நேரில் பார்ப்பதற்கு ஈடாக அது வேலை செய்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறோம். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் ஹெட்போனும் வேண்டும். நீங்கள் இருக்கும் முகவரியும், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவரின் எண்ணும் தெரபிஸ்ட்டிடம் இருக்கட்டும். லைன் பாதியில் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் அமர்விலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.